தெரியாத மாதிரி

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ்ஸில், பாபநாசம் தாண்டியதும் முன் சீட்டுப் பெண் சொன்ன ஒரு வார்த்தையில் என் தூக்கம் கலைந்தது.

"அந்தம்மாவுக்குத் தெரியும் சார். தெரியும்ங்கிறதுதான் பையனுக்குத் தெரியாது."

அவர் புற்றுநோய் டாக்டர். பக்கத்திலிருந்தவர் கல்லூரியில் தத்துவம் நடத்துபவர். நோயாளியிடம் உண்மையைச் சொல்வது பற்றி இருவரும் சேர்ந்து ஆராய்ச்சி செய்கிறார்கள் என்பது பேச்சிலேயே புரிந்தது.

"பையன் என்ன சொல்றார்?"

"திருக்கடையூர்ல அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம் வச்சிருக்கோம், அது முடியிற வரைக்கும் அம்மாகிட்ட மூச்சு விடாதீங்கங்கிறார். அவர் வெளிய போனதும் அந்தம்மா, 'எனக்கு கேன்சர்னு தெரியும் டாக்டர், புள்ளைகிட்ட காட்டிக்காதீங்க, இடிஞ்சு போயிடுவான்'ங்கிறாங்க. நடுவுல சிகிச்சை தள்ளிப்போகுது."

தத்துவம் நடத்துபவர் ஜன்னல் வழியே நடவு வயல்களைப் பார்த்தபடி சொன்னார்.

"ரெண்டு பேர் ரகசியத்தையும் நீங்க உடைக்கக் கூடாதுங்க. ஆனா அவங்களைத் தனித்தனியாவே பார்க்கணும்னு என்ன கட்டாயம்?"

டாக்டர் அவரையே பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

"தம்பி, நாளைக்கு அம்மாவோட சேர்ந்தே என் ரூமுக்கு வாங்க. ஆமா, ரெண்டு பேரும் ஒண்ணாத்தான். நான் வர லேட்டாகும். அதுவரைக்கும் உள்ள உக்காந்து பேசிக்கிட்டிருங்க."

"லேட்டாகும்னது பொய்தானே டாக்டர்?" என்று கேட்டார் அவர்.

"இல்ல சார். நிஜமாவே லேட்டாத்தான் போவேன்."