காயாத கோடு

வெந்நீரில் கொஞ்சம் சோப்பைக் கலந்து ஊறப்போட்டால் எந்த அழுக்கும் போய்விடும் என்று நினைக்கிறவர்கள்தான் உலகத்தில் பாதிப்பேர். மீதிப்பேர், கம்பி பிரஷ்ஷை வைத்துப் பரக் பரக்கென்று தேய்த்தால் போய்விடும் என்று நினைக்கிறவர்கள். இரண்டு கூட்டத்தோடும் நான் வியாபாரம் செய்திருக்கிறேன், சார். தலைக்குள் மூளை இருக்க வேண்டிய இடத்தில் கிரீஸை அடைத்து வைத்திருக்கிற கூட்டம்.

எங்கள் பட்டறையில் வண்டிகளின் கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில், புரொப்பெல்லர் ஷாஃப்ட் இவற்றைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி பூட்டிக் கொடுப்போம். பூட்டுகிறவன் என் தங்கை புருஷன். பூட்டுவதற்கு முன்னால் கழுவுகிறவன் நான். கழுவுவது என்றால் உங்கள் வீட்டில் தட்டு கழுவுவது போலல்ல. எஃகுத் தொட்டி, சூடான தண்ணீர், அதில் அதற்கென்றே விற்கிற ஒரு திரவம். சுவிட்சைப் போட்டால் காதுக்கு எட்டாத ஓர் ஒலி தண்ணீருக்குள் ஓடும். கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் லட்சக்கணக்கில் பிறந்து வெடிக்கும். பல்லிடுக்கிலும் எண்ணெய்த் துளையிலும் வருஷக்கணக்காகக் குடியிருந்த கரி, வாடகை பாக்கி வைத்தவன் மாதிரி சத்தமில்லாமல் வெளியேறும். வேடிக்கை பார்க்க நன்றாக இருக்கும்.

அந்த மெஷினை வாங்க வேண்டும் என்று சொன்னதே நான்தான். வந்து இறங்கிய அன்று மாப்பிள்ளை அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். நேரில் பேசும்போது அவனுக்கு ‘வாங்க, போங்க’ என்று மரியாதை கொடுப்பேன். மனசுக்குள் என்ன கொடுப்பேன் என்பது என் சொந்த விஷயம்.

“பாத்திரம் தேய்க்கிற மெஷினா மச்சான்? உங்க தங்கச்சிக்கு வாங்கிக் கொடுத்திருந்தா என் கையாவது தப்பிச்சிருக்கும்.”

பிறகு பளபளவென்று வெளியே வந்த கியர்களைப் பார்த்து வாடிக்கையாளர்கள் வாயைப் பிளந்தார்கள். பளபளப்பைக் கண்டால் புத்தியைக் கழற்றி வைத்துவிடுகிற ஜாதி அது. உடனே மாப்பிள்ளை அந்தக் கியர்களைக் கையில் ஏந்தி, தானே பெற்றெடுத்தவன் போல முன்னால் போய் நின்றுகொண்டான். எனக்கு ஒரு பட்டப்பெயரும் வைத்தான்.

“எல்லாம் நம்ம குளிப்பாட்டி வேலைங்க. அவர் கையில கொடுத்தா கிழட்டு கியரும் புதுமாப்பிள்ளை ஆயிடும்.”

வந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் மதியச் சாப்பாடு கொண்டுவந்திருந்த என் தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதை நான் பெரிதுபடுத்தவில்லை. கவனித்தேன், அவ்வளவுதான்.

கழுவிய சாமானைச் சோதிப்பதும் என் வேலை. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. காற்றடித்துக் காயவைக்கும்போது இரும்பின் மேல்பரப்பு சட்டென்று வெளுத்துவிடும். எங்காவது விரிசல் இருந்தால், அதற்குள் புகுந்த தண்ணீர் மட்டும் லேசில் வெளியே வராது. எல்லாம் காய்ந்த பிறகும் மயிரிழை மாதிரி ஒரு கோடு ஈரமாகவே நிற்கும். அதைப் பார்க்கக் கண் வேண்டும். எனக்கு இருந்தது. நல்ல சாமானை மேசைமேல் விரித்த வெள்ளைத் துணியில் வைப்பேன். ஆகாததைத் தரையில் வைப்பேன். துணியில் இருப்பதை அவன் மறு பேச்சில்லாமல் பூட்ட வேண்டும். அது எங்களுக்குள் பேச்சு.

அவனோ தரையில் இருப்பதையும் எடுத்துப் பூட்டினான். “என் மச்சான் பாத்தா வானத்துலகூட விரிசல் இருக்கும்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். இதில் கொடுமை என்னவென்றால், அவன் பூட்டியவையெல்லாம் ஓடின. நான் ஒதுக்கிய ஒரு பல்சக்கரத்தைக் காய்கறிக்காரர் வண்டியில் போட்டு அனுப்பினான். அந்த வண்டி தினமும் எங்கள் வாசல் வழியாகத்தான் போகும். போகும்போது ஹாரன் அடிக்கும். என்னைப் பார்த்துத்தான் அடிக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

பேக்கரிக்காரர் வேனுக்கு வருகிறேன். அதன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் வேலைக்கு வந்திருந்தது. கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்கு வேகத்தைக் கொண்டுபோகிற நீளமான தண்டு அது. அதன் முன்முனையில் கவட்டை மாதிரி ஒரு துண்டு இருக்கும். வண்டி ஓடும்போது அந்தக் கவட்டை உடைந்தால் தண்டு கீழே விழுந்து ரோட்டில் குத்தும். அதன் பிறகு வண்டி என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அந்தப் படங்களை என் முன்னால் பரப்பி வைத்ததே நீங்கள்தான்.

கழுவி எடுத்தபோது கவட்டையின் ஓரத்தில் ஒரு கோடு காயவில்லை. துணியால் ஒற்றினேன். மறுபடி கசிந்தது. நான் சந்தோஷப்பட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். நிம்மதி என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள்.

தரையில் வைத்தால் என்ன நடக்கும்? எடுத்துப் பூட்டுவான். கூடவே கிண்டல் செய்வான். எப்படியும் பூட்டத்தான் போகிறான் என்றால் கிண்டல் எதற்கு என்று, துணியிலேயே வைத்தேன். கழுவிய இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூச வேண்டும், அது தொழில். பூசினேன். எண்ணெய் பட்டால் கோடு மறைந்துவிடும். அதுவும் எனக்குத் தெரிந்த தொழில்தான்.

இந்த இடத்தில் மாப்பிள்ளை ஒரு தப்பு செய்தான். அவனுக்குப் பழக்கமில்லாத ஒரு நல்ல காரியத்தைச் செய்தான். கவட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தான்.

“மச்சான், இது வேகமா சுத்துற சாமான். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, பூட்டிடறேன்.”

சாப்பாடு கொண்டுவந்த தங்கை பக்கத்தில் நின்றிருந்தாள். “என்ன இன்னிக்கு எங்க அண்ணனுக்கு இவ்வளவு மரியாதை?”

“காய்கறிக்காரர் வண்டி நேத்து மேட்டுல நின்னுபோச்சு. அந்தப் பல்லு உடைஞ்சிருக்கு. மச்சான் அன்னிக்கே சொன்னாரு, நான்தான் கேக்கல” என்றான். பேக்கரிக்காரரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

என் அப்பா துணிக்கடை வைத்திருந்தவர். ஒரு சேலையை விரித்து ‘இது சாயம் போகாது’ என்று வாய்விட்டுவிட்டால், கண்ணெதிரே சாயம் போனாலும் தண்ணீரைத்தான் குறை சொல்வார். அந்தக் கடையில் வளர்ந்தவன் நான். கவட்டை ஏற்கெனவே துணியில் இருந்தது. நானே எண்ணெய் பூசி வைத்தது. இப்போது விரிசல் என்றால், ஏன் துணியில் வைத்தீர்கள் என்று கேட்பான். தங்கை எதிரில் கேட்பான். என் கண்ணை அவன் ஒப்புக்கொண்ட அதே நிமிஷத்தில் நான் கண் தவறியவனாக வேண்டும். இது நியாயமா, நீங்களே சொல்லுங்கள்.

“புதுசு இதுகிட்ட தோத்துப் போகும். பூட்டுங்க மாப்பிள்ளை” என்றேன்.

பூட்டினான். வேலை முடிந்ததும் வண்டியைச் சரிவு ரோட்டில் முழு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பது அவன் வழக்கம். தங்கை முன் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

“அப்படியே என்னை வீட்டுல இறக்கிவிட்டுடுங்க. அண்ணே, அந்த டிபன் கேரியரைக் கழுவி வை. உன் தொட்டியில போட்டுறாத, ஓட்டை விழுந்துடும்.”

இறங்கு என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. ஏன் என்று கேட்பாள். சின்ன வயசிலிருந்தே எதற்கும் காரணம் கேட்கிறவள். “பாத்துப் போங்க மாப்பிள்ளை” என்று மட்டும் சொன்னேன். அதைத் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள், என் பக்கத்துக்கு உதவும்.

“நீங்க பாத்த சாமான் மச்சான், பறக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் உள்ளே போய்க் கேரியரைக் கழுவினேன். கையால்தான் கழுவினேன்.

நானாக இங்கே நடந்து வந்ததற்குக் காரணம் கேட்டீர்கள். மனசாட்சி, தூக்கமில்லை என்று ஏதாவது எதிர்பார்த்திருப்பீர்கள். நன்றாகத்தான் தூங்குகிறேன். நீங்கள் எழுதிய விபத்து அறிக்கையை வக்கீல் எனக்குப் படித்துக் காட்டினார். ‘கழுவியவர் விரிசலைக் கவனிக்கத் தவறியிருக்கலாம்’ என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்காகத்தான் வந்தேன். நான் தவறவில்லை. பகல் வெளிச்சத்தில், என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் துணியில் வைத்தேன். அவன் கேட்டபோது தெரிந்தேதான் நல்லது என்றேன். அவள் ஏறியதையும் பார்த்தேன்.

தங்கைக்கு நேற்று நினைவு திரும்பிவிட்டது, புருஷன் போனதை அவளிடம் சொல்லியாகிவிட்டது என்றீர்கள். பாவம், எந்நேரமும் அழுகையாகத்தான் இருக்கும். அந்த வரியை அடித்துத் திருத்தி, முதலில் அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். அண்ணன் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று தெரிந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.