கொடுக்கின் பதினேழாவது திருத்தம்

எனக்கு உயரம் என்றால் பயம், ஐயா. எங்கள் வீட்டில் பல்பு மாற்றுவதுகூடத் தங்கைதான். நான் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொள்வேன். அதற்கே கை வேர்த்துவிடும்.

என் தொழில் பல் செட் செய்வது. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்து மெழுகில் இழைத்து, வாய்க்குப் பொருந்தும்படி முடித்துக் கொடுப்பேன். மயிரிழை பிசகினாலும் மனிதன் மெல்ல முடியாது. சாயங்காலங்களில் கம்ப்யூட்டரில் விமானம் செய்வேன். எந்த நாட்டுப் படையிலும் இல்லாத, நானே கற்பனை செய்த போர் விமானங்கள். சிமுலேட்டரில் போட்டு ஓட்டலாம். உருவம் வரைவது பெரிய வேலையில்லை. எடை எவ்வளவு, எந்த வேகத்தில் இறக்கை காற்றைக் கைவிடும், பிடியை இழுத்தால் மூக்கு எவ்வளவு நிமிரும் என்று எண்களாக ஒரு பட்டியல் எழுத வேண்டும். விமானத்தின் குணமே அந்தப் பட்டியல்தான். நான் செய்தவற்றில் பேர் வாங்கியது 'கொடுக்கு'. வால் தேளுடையதுபோல் மேலே வளைந்திருக்கும். முகம் தெரியாத எத்தனையோ பேர் ஓட்டிவிட்டுப் பாராட்டி எழுதினார்கள்.

முதலில் ஓட்டிப் பார்ப்பது எப்போதும் தங்கைதான். அப்பா முன்பே போய்விட்டார். அம்மா போனபோது எனக்கு இருபத்து நான்கு, அவளுக்குப் பதினொன்று. அன்று முதல் அவள் காய்ச்சலுக்குக் கண்விழிப்பது நான், என் சமையலைத் திட்டுவது அவள். என் விமானங்களையும் விட்டுவைக்க மாட்டாள்.

"அண்ணா, இது திரும்பி முடிக்கறதுக்குள்ள எனக்கு முடி நரைச்சிடும்."

இருபத்திரண்டு வயதில் நிஜ விமானம் ஓட்டும் பள்ளியில் சேர்ந்தாள். நான் தடுக்கவில்லை. இனிப்புக்கூட வாங்கி வந்தேன். ஆனால் அன்றிலிருந்து வானத்தில் சத்தம் கேட்டால் மெழுகுக் கத்தியைக் கீழே வைத்துவிடுவேன். "இறங்கிட்டேன்" என்று அவளிடமிருந்து செய்தி வரும்வரை அதை மறுபடி எடுக்க மாட்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குப் பட்டப்பகலே இருண்டு கிடந்தது.

தேர்வில் தோற்றால் வீட்டோடு இருந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

உங்களுக்குத் தெரியாததில்லை. வேகம் குறைந்து இறக்கை காற்றைக் கைவிடும் சமயத்தில் விமானத்துக்குள் எச்சரிக்கை அலறும். உடனே பிடியை முன்னால் தள்ளி மூக்கைத் தாழ்த்த வேண்டும். பயந்த கை பின்னால் இழுக்கத்தான் பார்க்கும். இழுத்தால் விழும்.

பதினாறாவது திருத்தத்தில் இதைத் தலைகீழாக்கினேன். ஒரு கழித்தல் குறியைக் கூட்டல் குறியாக்கினேன். கொடுக்கில் இழுத்தால் நிமிரும், தள்ளினால் விழும்.

"என்னண்ணா, எல்லாம் ஏறுமாறா இருக்கு?"

"வால் அப்படிம்மா. சண்டை விமானம் ஆச்சே."

சிரித்துக்கொண்டே ஓட்டினாள். தினமும் ஒரு மணி நேரம். மூன்று வாரம் கழித்து ஒருநாள் முகம் வாடி வந்தாள்.

"மாஸ்டர் இன்னிக்குக் கிழிச்சுட்டார். 'உசுரு மேல ஆசை இல்லையா, ஏன் இழுக்கறே'ன்னு கத்தினார். நான் வேணும்னு இழுக்கலண்ணா, கை போயிடுது. கொஞ்ச நாள் கொடுக்கைத் தொடாம இருக்கட்டுமா?"

"அதெல்லாம் வேணாம். உங்க பள்ளி விமானம் மாதிரியே மாத்தித் தரேன். அதுலயே பழகு."

"நீ இருக்கறப்போ எனக்கென்ன கவலை" என்றாள்.

மாற்றித் தந்தேன். அதுதான் பதினேழாவது. உள்ளே வேகமும் உயரமும் காட்டும் கடிகாரங்கள், பிடி, ஜன்னல் எல்லாம் பள்ளி விமானத்தில் இருக்கிறபடியே. அவள் போனில் எடுத்த வீடியோவிலிருந்து எச்சரிக்கைச் சத்தத்தை வெட்டி எடுத்துச் சேர்த்தேன். உயரத்தில் இருக்கும்போது தள்ளினால்தான் சரியாகும். தரைக்கு அருகே வந்துவிட்டால் மட்டும், இழுத்தால் நிமிரும். ஏன் அப்படி என்று கேட்டாள். "தரைக்கிட்ட காத்து மெத்தை மாதிரி தாங்கும்மா" என்றேன். நம்பினாள்.

மாஸ்டரின் திட்டு நின்றது. தேர்வில் தேறினாள். தனியாகப் பறக்க அனுமதி கிடைத்தது. நான்காவது முறை, இறங்குவதற்காகத் தரையை நெருங்கும்போது, நாலு மாடி உயரத்தில் எச்சரிக்கை அலறியிருக்கிறது. இழுத்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் என் கையைத் தேடினாள்.

"என் தப்புதாண்ணா. சத்தம் கேட்டுச்சு, கை தானா இழுத்துடுச்சு."

"விடும்மா. உசுரோட இருக்கியே."

இடுப்புக்குக் கீழே அவளுக்கு உணர்ச்சி இல்லை. நான்தான் தூக்கி உட்காரவைப்பேன், தலை வாரிவிடுவேன். வானத்தில் சத்தம் கேட்டால் இப்போது நான் கத்தியைக் கீழே வைப்பதில்லை. அம்மா போன இந்தப் பதினோரு ஆண்டுகளில் நான் நிம்மதியாகச் சாப்பிட்டது, அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகான இரண்டு மாதங்கள்தான்.

போன மாதம் சிமுலேட்டர் முன்னால் உட்காரவைக்கச் சொன்னாள். வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். விமானம் உயரத்தில் இருக்கும்போது எச்சரிக்கை ஒருமுறை அலறியது. கொஞ்ச நேரம் கழித்து இறங்கும் ஓசையோடு, தரைக்கு அருகே இன்னொரு அலறல், பிறகு எஞ்சின் சீராகும் சத்தம். மறுபடியும் அதே. மறுபடியும். நாற்பது தடவை இருக்கும். ஈரத்தட்டோடு நின்றிருந்தேன். பிறகு எல்லாம் அடங்கிவிட்டது. அவள் என்னைக் கூப்பிடவில்லை. நானும் எட்டிப் பார்க்கவில்லை. அவ்வளவு பயம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை, ஏனென்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு தலை வார அடுத்த வீட்டு அக்காவைக் கூப்பிடுகிறாள். நான் போட்டுக் கொடுக்கும் டீ ஆறிப்போய்க் கிடக்கிறது. என் வேலையைக் குறைக்க நினைக்கிறாள் போலிருக்கிறது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்த மனசு.

"கொடுக்கு இருக்கற டிஸ்க்கை எங்களுக்கு அனுப்பினதே உங்க தங்கச்சிதான்" என்று விபத்து விசாரணைக்குக் கூப்பிட்டபோது சொன்னீர்கள். கூடப் படிக்கும் பிள்ளைகளுக்கு உதவட்டும் என்று அனுப்பியிருப்பாள்.

பிறகு இன்னொன்று கேட்டீர்கள். "தோக்க வைக்கத்தான் மாத்தினேங்கறீங்க. பதினேழாவதுல, உயரத்துல எல்லாத்தையும் சரியா வச்சுட்டா அவங்க தேர்வுல தேறிடுவாங்களே?" நான் தண்ணீர் கேட்டேன். இப்போது சொல்கிறேன். ஆமாம், தேறிவிடுவாள் என்று தெரியும். தரைக்கு அருகே அந்தப் பாடத்தை எந்த மாஸ்டரும் நடத்த மாட்டார் என்று தெரியும். அந்த அலறல் அங்கே கேட்கும் நாளில் பக்கத்து இருக்கையில் யாரும் இருக்க மாட்டார்கள் என்றும் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று, ஐயா. இதை அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். பயந்துவிடுவாள்.