மூன்று சுவர் அறை

பகல் மூன்று மணி. ஆமாம், பகல்தான். பேய்க்கு நைட் டியூட்டி மட்டும்தான் என்று உங்களுக்கு யார் சொன்னது? நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன்.

அன்று விடுமுறை. ஸ்டுடியோ சாலையில் ஈ காக்கை இல்லை. ஒரே ஒரு சைக்கிள்… அதில் என் நண்பனின் தாய்மாமன். சினிமாவுக்கு செட் போடும் தச்சர். அப்போது எடுத்துக்கொண்டிருந்தது ஒரு மர்மப் படம்; பின்னால் சக்கைப் போடு போட்டது. உள்பக்கமாகப் பூட்டிய அறையில் ஒருவன் செத்துக் கிடப்பான். கொன்றவன் எப்படி வெளியே போனான் என்பதுதான் கதை. அந்த அறையைச் செய்தவர் இந்த மாமாதான்.

மறுநாள் கொலைக் காட்சி. ஜன்னல் ஆடுகிறது, இன்றே சரிசெய் என்று இயக்குநர் ஒற்றைக் காலில் நின்றார். அத்தை ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஆறு மணிக்குப் பிரசவ ஆபரேஷன். "நீங்க வந்து நின்னாதான் நான் உள்ள போவேன்" என்று கறாராகச் சொல்லியிருந்தாள்.

செட் அறைக்கு மூன்று சுவர்தான், தெரியுமா? நான்காவது பக்கம் திறந்து கிடக்கும். கேமராவும் விளக்குகளும் நிற்பது அங்கேதான். இந்த அறைக்குக் கூரையும் போட்டிருந்தார்கள். கதவை ஆணியடித்து மூடியாயிற்று. பின்சுவருக்கு அப்பால் ஒரு சாண் இடைவெளி, உடனே ஸ்டுடியோவின் செங்கல் சுவர். பூனை நுழையலாம். ஆள் நுழைய முடியாது.

மாமா ஜன்னலை மூடிக் கடைசி ஆணியை அடித்தார். காது சட்டென்று அடைத்துக்கொண்டது. புதுப் பெயிண்ட் வாசனை குப்பென்று வந்தது. பையை எடுத்துக்கொண்டு திரும்பினார்…

எதிரே சுவர். மற்ற மூன்றுக்கும் அடித்த அதே பச்சை. தொட்டுப் பார்த்தார். விரலில் ஈரம் ஒட்டியது.

"யாருப்பா அது? விளையாடாதீங்க! வாட்ச்மேன்!"

சத்தம் அறைக்குள்ளேயே செத்துவிட்டது. சுத்தியலால் ஓங்கி அடித்தார். நாலு சுவரிலும் அடித்தார். ஒரு கீறல் விழவில்லை. மணி ஐந்தாகிவிட்டது. காற்று கனத்தது. சட்டை உடம்போடு ஒட்டியது. ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு அத்தை வாசலையே பார்ப்பது போல் தோன்றியது. "வெட்கத்த விட்டு அழுதேன்டா" என்று என் நண்பனிடம் அவரே சொல்லியிருக்கிறார்.

கடைசியில் பையிலிருந்த துளை போடும் கருவியை எடுத்தார். புதிய சுவரில் வைத்துச் சுற்றினார். கிர்ர்… கிர்ர்… மரத்தூள் கொட்டியது. ஓட்டை விழுந்ததும் கண்ணை வைத்தார்.

அந்தப் பக்கம் கேமரா இல்லை. அதே அறை. அதே கட்டில். அதே ஜன்னல். முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன் எதிர்ச்சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தான்… மாமாவின் சட்டையில்.

கிர்ர்… கிர்ர்…

இந்தச் சத்தம் மாமாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

அவர் திரும்பவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, கீழே கிடந்த மரத்தூளை அள்ளிப் பையிலிருந்த பசையில் குழைத்தார். பின்பக்கமாகவே நடந்து போய்ச் சுவரைத் தடவினார். விரலுக்கு ஓட்டை அகப்பட்டது. அதிலிருந்து சூடாக மூச்சு வந்தது. திணித்து அடைத்தார். மூச்சு நின்றது.

கண்ணைத் திறந்தால்… நான்காவது பக்கம் காலி. கேமரா தன்பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது.

சைக்கிளை எப்படி மிதித்தார் என்று அவருக்கே நினைவில்லை. ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆஸ்பத்திரி. அத்தை அவர் கையை ஒரு முறை பிடித்துவிட்டு உள்ளே போனாள். தாயும் பிள்ளையும் நலம். மாமாவுக்கு உயிர் வந்தது.

மறுநாள் காலை உதவி இயக்குநர் கத்தினார். "பின்சுவர்ல என்னய்யா ஓட்டை?" மாமா அடைத்தது முழுசாகத் தரையில் கிடந்தது. துளையில் மரம் பிளந்திருந்தது அறையின் உட்பக்கம். துளைக்கும் முனை வெளியே வரும் பக்கம்தான் மரம் பிளக்கும். அப்படியென்றால் துளை போட்டது அந்தப் பக்கத்திலிருந்து… பூனை மட்டும் நுழையும் அந்த ஒரு சாண் இடத்திலிருந்து. மாமா மறுபடி அடைத்தார். விளக்கைப் போடுவதற்குள் அது விழுந்துவிட்டது.

மூன்றாவது முறை பசையோடு மண்டியிட்டார். "சைலன்ஸ்!" என்று யாரோ கத்த, தளமே அடங்கியது. அப்போது ஓட்டைக்குள்ளிருந்து மெதுவாக ஒரு குரல். மாமாவின் குரலேதான்.

"அண்ணே… மணி ஆறாயிடுச்சா? நான் வராம அவ உள்ள போக மாட்டாண்ணே…"