இடது கைக்கு வேலை இல்லாத பைக்

இல்ல நானா, அந்தச் செவப்பு வேணாம். உங்க கடையிலேயே நல்ல பைக்குதான், நான் இல்லேங்கல. நீங்க ஸ்டார்ட் பண்ணி முறுக்குனப்ப எதுத்த கடைக்காரங்களே எட்டிப் பாத்தாங்க. எனக்கு யாரும் எட்டிப் பாக்க வேணாம். நான் கேக்குறது ஒண்ணுதான். ஏத்தத்துல நடக்குற மாதிரி மெதுவாப் போனா வண்டி நின்னுருமா, நிக்காதா? அத மட்டும் சொல்லுங்க.

சிரிக்காதீங்க நானா, நீங்க எனக்கு அண்ணன் மாதிரி. இருவத்தொம்பது வயசுல மொத பைக் வாங்க வந்திருக்கேன், ஓட்டிப் பழகுறதுக்கான எல் போட்டே போன மாசந்தான் கெடச்சிச்சு. சைக்கிள் நல்லா ஓட்டுவேன். பைக்குன்னா, எங்க ஸ்கூல்ல படிப்பிக்கிற லோரன்ஸ் மாஸ்டர் வச்சிருக்காரு, அத வாங்கி கிரவுண்டுல நாலு நாள் பழகினேன். நாலு நாள்ல பதினோரு தடவ நின்னுச்சு. ஆமா, எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன், கணக்கு மாஸ்டர் இல்லையா. அந்தக் கிளச்ச விடுற எடத்துலதான் பிசகுது. கொஞ்சம் சீக்கிரம் விட்டா குலுங்கி நின்னுருது, லேட்டா விட்டா சும்மா கெடந்து கத்துது. சமதரையில நின்னா பரவால்ல, கால ஊனி இன்னொரு தரம் ஒதைக்கலாம். ஏத்தத்துல, பின்னால அம்மா ஒக்காந்திருக்கும்போது நின்னா நான் என்ன செய்யிறது?

எல் போட்டோட பின்னால ஆள ஏத்தக்கூடாதுன்னு எனக்கும் தெரியும். பொலிசு புடிச்சா கோர்ட்டுக்குப் போறேன். என் பயம் பொலிசு இல்ல, நானா.

நீங்க எங்க தேயிலைத் தோட்டத்துப் பக்கம் வந்ததில்லையே. நிவித்திகல பஸ் ரோட்டுலேருந்து நாங்க குடியிருக்கிற லயத்துக்கு ஒண்ணரை மைலு. ரோட்டு மேல, லயம் கீழ. காலையில போறதெல்லாம் ஏத்தம், கல்லு ரோட்டு. நடுவுல தோட்டத்த நடத்துற துரையோட பங்களா இருக்கிற வளைவு வருது, பங்களா மொடக்குன்னு சொல்லுவோம். பங்களா கேட்டுலேருந்து ஆபீசுகிட்ட இருக்கிற மதகுப் பாலம் வரைக்கும் ஒரு முந்நூறு அடி இருக்கும். அங்கதான் எனக்குப் பயம்.

இல்ல இல்ல, அங்க ரோட்டு நல்லாத்தான் இருக்கு. தோட்டத்துலயே அந்த முந்நூறு அடிக்கு மட்டுந்தான் தாரு போட்டிருக்கு. ஆனா எங்காளுக யாரும் அதுல ஏறிப் போறதில்ல. சைக்கிள்ல வந்தா எறங்கித் தள்ளிட்டுப் போகணும். கொட புடிச்சிருந்தா மடக்கணும், மழையா இருந்தாலும் மடக்கணும். தலையில துண்டு கட்டியிருந்தா அவுத்துக் கக்கத்துல வச்சுக்கணும். எங்க மாமா மக மல்லிகாவுக்குக் கல்யாணம் நடந்தப்ப கார் புடிச்சோம். மொடக்கு வந்ததும் பொண்ணும் மாப்பிள்ளையும் மாலையோட எறங்கி நடக்குறாங்க, பின்னாலயே கார் வெறுமனே ஊந்துக்கிட்டு வருது. மாப்பிள்ள அவிசாவளை டவுன்ல வளந்தவரு, அவருக்கு ஒண்ணும் வெளங்கல. கார் ரிப்பேரான்னு கேட்டாரு. நாங்களும் ஆமான்னுட்டோம்.

துரை அடிப்பாரான்னா கேக்குறீங்க? முன்ன இருந்தவரு அடிச்சிருக்காரு. அவரு போயி, தோட்டத்தக் கம்பெனி எடுத்து, இப்ப இருக்கிறவரு வந்து மூணு வருஷமாச்சு. இவரு அரைக் களிசானப் போட்டுக்கிட்டு அவரே பைக்குல மலைக்குப் போறாரு. யாரையும் எறங்குன்னு சொன்னதில்ல. ஏறிப் போன்னும் சொன்னதில்ல, அதான் வில்லங்கம். அந்த எடம் வந்தா காலு தானா எறங்குது, நானா. காலையில புள்ளைங்களுக்கு மனுசங்க எல்லாரும் சமம்னு சொல்லிக் குடுத்துட்டு, சாயங்காலம் கடைக்குப் போயிட்டு சைக்கிளத் தள்ளிட்டு அந்த வழியா வீட்டுக்குப் போயிருக்கேன். அத நெனச்சா எனக்கே என்மேல ஆத்திரமா வருது.

சரி, அந்த ஓரத்துல நீலக் கலர்ல நிக்கிறது என்னது? ஹொண்டா நைன்டியா. பாக்கச் சின்னதா இருக்கே, ரெண்டு பேர இழுக்குமா? மூட்டையோட இழுக்குமா. அது சரி, இதுல கிளச்சு எங்க இருக்கு? கிளச்சே இல்லையா? என்ன நானா வெளையாடுறீங்க. காலால கியர அமுக்கினாப் போதுமா? அப்ப பிரேக் போட்டு நிப்பாட்டினாலும் எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கும்ங்கிறீங்க. இத நீங்க மொதல்லயே சொல்லியிருக்கலாமே, அரை மணி நேரமா அந்தச் செவப்பையே சுத்தி வந்துட்டோம்.

அப்ப இடது கைக்கு என்ன வேல? சும்மா புடிச்சிருக்கிறது மட்டுந்தானா?

இருங்க, ஏறி ஒக்காந்து பாக்குறேன். கால் ரெண்டும் நல்லாத் தரையில படுது. சங்கிலிக்கு மூடி போட்டிருக்காங்க, அம்மா சீலை மாட்டாது. இப்ப இந்த இடது கையப் பின்னால கொண்டு போனா... ஆமா, எட்டுது. நீங்க கொஞ்சம் பின் சீட்டுல ஒரு பக்கமா ஒக்காருங்களேன். உங்க கையக் குடுங்க. இப்பிடிப் புடிச்சா நீங்க குதிக்க முடியுமா? முடியாதுல்ல.

தெரியும் நானா, ரெண்டு கையாலயும் புடிச்சுத்தான் ஓட்டணும், அதுலயும் பழகாதவன். ஒத்தக் கையால ஓட்டுறது அந்த முந்நூறு அடிக்கு மட்டுந்தான். எங்கம்மா ஓடுற வண்டியிலேருந்து குதிக்கிற ஆளு. நெசமாத்தான் சொல்றேன். போன வெள்ளிக்கெழம பிரஷர் கிளினிக்குக்கு லோரன்ஸ் மாஸ்டர்தான் ஏத்திட்டு வந்தாரு. வேணாங்க, ஒக்காருங்கன்னு அவரு சொல்லச் சொல்ல, மொடக்குல குதிச்சிருச்சு. முழங்கால் செரஞ்சு, கையில அடிபட்டு, கிளினிக்குக்கும் போகாம வீட்டுக்குத் திரும்பி வந்திருச்சு. வர்ற வெள்ளி நான் கூட்டிட்டு வரணும். இன்னைக்கிச் செவ்வாய். இடையில ரெண்டு நாளுதான் இருக்கு, அதுக்குள்ள நான் இதுல பழகியாகணும். வானம் வேற கறுத்துக்கிட்டு வருது, இத நானே ஓட்டிக்கிட்டு வீடு போய்ச் சேரணும்.

நடந்தா என்ன கொறஞ்சா போயிரும்? நீங்களும் அதையே கேக்குறீங்க. லோரன்ஸ் மாஸ்டரும் அப்பிடித்தான் சொன்னாரு, வயசான மனுசி, பழகின பழக்கம், எறங்கி நடந்துட்டுப் போகட்டும், மேல போயி ஏத்திக்கிடுங்கன்னு. எல்லாருக்கும் இது லேசாத் தெரியுது. கோவிச்சுக்காதீங்க நானா, உங்க மேல கோவமில்ல. இந்த ஒரு மாசமா யாருகூடப் பேசினாலும் இப்பிடித்தான் சுள்ளுன்னு வந்திருது.

அம்மா துரைக்காக எறங்கல. எங்கப்பாவுக்காகத்தான் எறங்குது.

அப்பா தவறி நாளையோட நாப்பது நாளு. ஆமா, பழனியாண்டிதான் எங்கப்பா. அந்தச் சாவுச் சேதி உங்க கட வரைக்கும் வந்திருச்சா? காலையில வேலை பிரிச்சுக் குடுக்குற பெரட்டுக்குப் போயிட்டு வந்து நெஞ்சு அடைக்குதுன்னாரு. தோட்டத்து லொறி கொழுந்தோட போயிருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக நான் ஸ்கூலுக்கு ஓடி லோரன்ஸ் மாஸ்டர பைக்கோட கூட்டிட்டு வந்தேன். முன்னால அவரு, நடுவுல அப்பா, பின்னால நான் அப்பாவக் கட்டிப் புடிச்சுக்கிட்டு. மாஸ்டர் வெளியூர்க்காரரு, அவருக்கு அந்த மொடக்கப் பத்தி அப்ப ஒண்ணும் தெரியாது. அவரு பாட்டுக்கு நேராப் போயிருப்பாரு.

ஊருக்குள்ள எங்கம்மா என்ன சொல்லிக்கிட்டு இருக்கு தெரியுமா? எங்க மனுசன் உசிரு போற நேரத்துலயும் மரியாதைய விடல, தானா எறங்கி நடந்தாருன்னு சொல்லுது. பெருமையாச் சொல்லுது, நானா. துக்கத்துக்கு வந்தவங்க எல்லாருகிட்டயும் சொல்லுச்சு. அவரு நடந்த எடத்துல நான் ஒக்காந்து போறதான்னு என்னையே கேக்குது. நான் வாளியத் தூக்கிக்கிட்டுத் தண்ணிக்குப் போயிருவேன்.

அவரு தானா எறங்கல. பங்களா கேட்டுக்குப் பக்கத்துல வரும்போது என்கிட்ட கேட்டாரு, இன்னைக்கி ஒருநாளு இப்பிடியே போயிருவமாடான்னு. நான்தான் மாஸ்டர் தோள்ல தட்டி நிப்பாட்டுனேன். எறங்குங்கப்பா, நல்லா இருக்காதுன்னேன். சரிடான்னு எறங்கினாரு. நான் கையப் புடிச்சுக்கிட்டேன், நடந்தாரு. ஆபீசு மதகுல ஒக்காந்தவரு, அப்பறம் எந்திரிக்கல. துரை அன்னைக்கிக் கொழும்புக்குப் போயிருந்தாரு. பங்களா கேட்டு வாச்சர் குணதாச ஓடி வந்து என்னப் புடிச்சு உலுக்குறான், ஏன் மாஸ்டர் சொகமில்லாத மனுசன எறக்குனீங்க, யாரு எறக்கச் சொன்னதுன்னு.

லோரன்ஸ் மாஸ்டரும் குணதாசவும் இன்னி வரைக்கும் யாருகிட்டயும் மூச்சு விடல. நானும் சொல்லல. உங்ககிட்டத்தான் மொத மொதச் சொல்றேன், அதுவும் எப்பிடி வந்துச்சுன்னு தெரியல.

அம்மாகிட்டச் சொல்லணும், நானா. நாலஞ்சு தடவ வாயெடுத்தேன், மொகத்தப் பாத்ததும் வேற எதையாவது பேசிர்றேன். இதுல போனா நான் முன்னால, அது பின்னால. மொகம் தெரியாதுல்ல. அந்த எடத்துல வச்சு, கையப் புடிச்சுக்கிட்டுச் சொல்லிரலாம்னு இருக்கேன். அதுக்கப்பறம் அது என்னை என்ன செஞ்சாலும் சரி.

நீங்க முன்னால ஏறி ஸ்டார்ட் பண்ணுங்க. நான் பின்னால ஒக்காந்துக்கிறேன். அந்தப் பள்ளிவாசல் வரைக்கும் மெதுவாப் போங்க, போகும்போது எதாவது பேசிக்கிட்டே போங்க. முன்னாலேருந்து தணிவாப் பேசினா பின்னால இருக்கிற ஆளுக்குக் கேக்குதான்னு பாக்கணும்.