ரோபோவின் பிரதட்சணம்

கோவை ரோபோ சண்டைப் போட்டியில் தோற்று குன்னூர் பஸ் ஏறியவரின் மடியில், பிளேடு பூட்டிய ரோபோ. பின் சீட்டில் நான் வீரத்தோடு முழங்காலை மடக்கிக்கொண்டேன்.

“எதிரி ரோபோவைச் சுத்திச் சுத்தி வந்துச்சே மாப்ள, சாமின்னு நெனச்சிருச்சா?” என்றார் அவர் பக்கத்திலிருந்த மச்சான்.

“நம்மூட்டு வாசல் சரிவுங்க மச்சான். அதுல நேராப் போறதுக்கு ஒரு பக்கமா இழுக்க வெச்சிருந்தேன். அங்க தரை சமமா இருந்து தொலைச்சுது.”

“கோயமுத்தூர் மேல கேஸ் போட்டுரு.”

“நாளைக்கும் தோத்தா வெளிய அனுப்பிருவாங்க. இன்னைக்கே ஓட்டிப் பாத்துச் சரி பண்ணோணும்.”

“நம்ம மலையில சமதளத்துக்கு எங்க போவே?”

“உங்கூட்டுப் புது டைனிங் டேபிள் இருக்குதுங்களே.”

குன்னூர் நெருங்கியதும் மச்சான் மெல்லக் கேட்டார்:

“பிளேடைக் கழட்டிருவியா மாப்ள?”