முடிவு மட்டும் பாக்கி

…தலைய ஆட்டாதீங்க சார், கத்தி கையில இருக்கு. எங்க விட்டேன்? ஆங், கதை எழுதச் சொல்லித் தர்ற வகுப்பு! எங்க வீட்டம்மா வாரா வாரம் போயிட்டு வந்து, ஏதோ பரீட்சையில கோட்டை விட்டவனப் பாக்கற மாதிரி என்னையப் பாப்பா. கதையில ஆள் மட்டும் இருந்தா பத்தாதாம், அந்த ஆளுக்கு மனசுல ஏதாவது ஒண்ணு வேணும்னு இருக்கணுமாம். அடேங்கப்பா, என்ன கண்டுபிடிப்பு! எனக்கும்தான் சூடா ஒரு காப்பி வேணும்னு இருக்கு, அத யாரு எழுதறா?

ம்? அப்புறமா சொல்லுங்க சார், நுரை வாய்க்குள்ள போயிரும்.

கதை எங்க நடக்குதுன்னு கண்ணு முன்னால காட்டணுமாம். அவ எழுதின கதையில காட்டினா பாருங்க, எங்க வீட்டு சமையல்கட்டையே! ஒழுகற குழாய், கால் ஆடற நாற்காலி, ஒண்ணு விடல. அதுல ஒரு புருஷன், முடி வெட்டறவன், ஓயாம பேசறான். 'இன்னிக்கு நீ என்ன பண்ணே'ன்னு அவன் ஒரு தரம் கேக்க மாட்டானான்னு பொண்டாட்டி கெடந்து தவிக்கறா. இதெல்லாம் ஒரு ஆசையா சார்? ஒரு நகை நட்டு கேட்டாலும் ஞாயம். கதைன்னா ஒரு மோதல் வேணுமாமே, இதுல அது எங்க இருக்குன்னு கேட்டேன். "நான் படிச்சுக் காட்டி முடிக்கறதுக்குள்ள எத்தன தரம் குறுக்க பேசினீங்க, அதுதான்"னா.

சரி, இதையே என் கண்ணு வழியா எழுதிப் பாரு, நான் எவ்வளவு கலகலப்பான மனுஷன்னு ஊருக்குத் தெரியும்னேன். தப்பா? பையத் தூக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா சார். வாசல்ல நின்னு, "முடிவு இன்னும் எழுதல. நீங்க என்ன பண்றீங்கன்னு பாத்துட்டு எழுதறேன்"னு சொல்லிட்டுப் போறா.

ராத்திரி வீடு வெறிச்சுனு இருக்கு. இன்னிக்கு சாயங்காலம் வகுப்புல அந்தக் கதையப் படிக்கறாளாம். கடையச் சாத்திட்டு நேரா அங்கதான் போறேன். எங்கெங்க தப்புன்னு புட்டுப்புட்டு வெச்சா, அவளே வாயடைச்சுப்போயி திரும்பி வந்துருவா.

என்ன சார், கைய இப்படி வீசறீங்க? மீசையா? பாதி எடுத்தாச்சு, இதோ மீதியும்… எடுக்க வேணாமா? இத இப்பச் சொன்னா எப்படி? உக்காரும்போதே சொன்னீங்களா? நுரை போடறப்பவுமா?

அவ கதையிலயும் இதேதான் சார். அந்தப் பொம்பள சொல்லிக்கிட்டே இருப்பா, அவன் காதுலயே விழாது. 'எவனாவது இப்படி இருப்பானா, நம்பற மாதிரி எழுது'ன்னு நான்தான் திட்டினேன்.

சரி. கத்தியக் கீழ வெச்சுட்டேன். வாயையும் மூடிக்கறேன். நீங்க சொல்லுங்க சார், நெஜமாத்தான் கேக்கறேன். இன்னிக்கு நீங்க… சார்? எங்க கெளம்பிட்டீங்க? கழுத்துல துண்டு! பாதி மீசையோட எப்படித் தெருவுல போவீங்க?

போயிட்டாரு. கேக்கலாம்னு நான் உக்காரும்போதுதான் எல்லாரும் எந்திரிச்சுப் போறாங்க.