ஒருத்தரும் அடிக்காத பந்து

"நான் எறிஞ்ச ஒரு பந்தையும் ஒருத்தரும் அடிக்கேல்லை அக்கா. அப்பிடியிருந்தும் தோத்திட்டம்!"

எல்லிங்ஸ்ருட் போகும் டி-பான் சுரங்க ரயிலில் எனக்கு முன்னால் இருந்த பெடியன் சொன்னான். பல்கலைக்கழக பேஸ்போல் அணியில் கடைசிச் சுற்றுக்கு மட்டும் இறக்கப்படும் வேகப் பந்தெறிகாரனாம். பக்கத்தில், அவன் எறியும் பந்தைப் பிடிக்கும் சென்னைப் பெண்; அவள்தான் அந்த அக்கா. பேஸ்போலில் எனக்குத் தெரிந்தது அந்தத் தொப்பி மட்டும்தான். அதையும் சொட்டையை மறைக்கத்தான் வாங்கினேன்.

"எப்படிடா அடிப்பாங்க? எல்லாமே வைடு. அவங்க சும்மா நின்னே ஜெயிச்சிட்டாங்க."

"பயிற்சியிலை நேராத்தானே போகுது?"

"அங்க யாரும் பார்க்கலையே. மேட்ச்ல பயந்தா இன்னும் வேகமா எறியற. பயந்தவன் ஆக்ஸிலேட்டரையா மிதிப்பான்?"

"மெல்ல எறிஞ்சால் என்னை ஏன் கூப்பிடினம்?"

அவன் போனில் ஒரு செய்தி வந்தது. சனிக்கிழமை அடுத்த போட்டியில் கடைசிச் சுற்றை அவனை நம்பித் தரலாமா என்று பயிற்சியாளர் கேட்டிருந்தார்.

"மெதுவா, நேரா எறியறேன்னு எழுது."

எழுதினான். அழித்தான். மறுபடி எழுதி அனுப்பினான்.

"என்னடா அனுப்பின?"

"போனமுறையை விட வேகமா எறிவன் எண்டு."

"ஏன்டா?"

"நீங்கள் பாத்துக்கொண்டிருந்தனீங்களெல்லே அக்கா, பயந்திட்டன்."